சீட்டு எண்ணியதால் வெளியேற்றப்பட்டேன், என் விசா என்ன ஆகும்?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 31. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஓராண்டாக வீட்டில் பயிற்சி எடுத்து, பிளாக்ஜாக் என்ற கேசினோ சீட்டாட்டத்தில் சீட்டு எண்ணக் கற்றுக்கொண்டேன். சென்ற மாதம் ஒரு மாநாட்டுக்காக லாஸ் வேகாஸ் போனபோது, ஒரு பெரிய ஹோட்டல் கேசினோவில் நான்கு மணி நேரம் ஆடி 2,300 டாலர் ஜெயித்தேன். கோட்டு போட்ட மேலாளர் ஒருவர் வந்து, "உங்கள் ஆட்டம் எங்களுக்குத் தாங்காது. பிளாக்ஜாக் தவிர வேறு எதை வேண்டுமானாலும் ஆடுங்கள்" என்று மரியாதையாகவே சொன்னார். வேறு ஷிஃப்ட் ஆட்கள்தானே என்று மறுநாள் இரவும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் காவலர்கள் மூவர் வந்து என்னை ஓரமாக அழைத்துப் போனார்கள். ஓர் அட்டையைப் பார்த்து எதையோ வாசித்து, இனி உள்ளே வந்தால் கைது என்றார்கள். பாஸ்போர்ட் கேட்டார்கள். பயத்தில் கொடுத்துவிட்டேன், படம் எடுத்துக்கொண்டார்கள். 1,400 டாலருக்கான சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகள்) இன்னும் என் பையில்தான் இருக்கிறது. சீட்டு எண்ணுவது குற்றம், உன் விசா போச்சு என்கிறார் உடன் வேலை செய்பவர். மனைவி சரியாகத் தூங்கி இரண்டு வாரம் ஆகிறது. இன்னொரு நண்பரோ, அடுத்த முறை வேறு பெயரில் போ, நான் பின்னால் நின்று கைபேசிச் செயலியில் எண்ணித் தருகிறேன் என்கிறார். திறமையால் ஜெயிப்பவனை விரட்ட இவர்களுக்கு உரிமை உண்டா? கேட்க ஆளே இல்லையா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் வீட்டில் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் குற்றம் செய்யவில்லை. மனதுக்குள் சீட்டு எண்ணுவது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் குற்றமல்ல. உங்களை யாரும் கைது செய்யவில்லை, வழக்கும் பதியவில்லை, போலீஸும் வரவில்லை. அந்தக் காவலர்கள் வாசித்தது தீர்ப்பு அல்ல. ஓர் இடத்தின் சொந்தக்காரர் "இனி என் வாசல்படி ஏறாதே" என்று முறைப்படி சொன்னார், அவ்வளவுதான். இந்தப் பத்தியை உங்கள் மனைவிக்கு இப்போதே வாசித்துக் காட்டிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

அதே கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நண்பரின் கைபேசி யோசனையை இந்த நிமிடமே தூக்கி எறியுங்கள். இதுவரை நீங்கள் நின்றது சட்டத்துக்கு இந்தப் பக்கம். அந்தச் செயலியைத் திறந்த நொடியில் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வழக்கறிஞராகப் பதினேழு ஆண்டுகளாகக் கேசினோ தகராறுகளையே பார்த்துவருகிறேன். அதில் முதல் நான்கு ஆண்டுகள் கேசினோ தரப்பில் இருந்தேன். சீட்டு எண்ணுவது என்றால் ஏதோ மாயவித்தை, திருட்டுத்தனம் என்று நினைக்கும் படித்தவர்களை இரண்டு தரப்பிலும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இது பாலபாடம். ஆனால் உங்கள் மனைவிக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். டீலர், அதாவது சீட்டுப் போடும் கேசினோ ஊழியர், சீட்டுகளைத் திறந்து போடுகிறார்: 5, ராஜா, 3, 9, 2, 6, ஏஸ், 4. எண்ணுபவர் 2 முதல் 6 வரை வரும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்றைக் கூட்டுவார். பத்துக்கும் படச்சீட்டுக்கும் ஏஸுக்கும் ஒன்றைக் கழிப்பார். 7, 8, 9 வந்தால் கண்டுகொள்ள மாட்டார். மேலே உள்ள எட்டுச் சீட்டுக்கு அவர் மனக்கணக்கு ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று ஓடும். கடைசியில் கூட்டல் மூன்று. இன்னும் மூன்று கட்டுச் சீட்டு பாக்கி இருந்தால் மூன்றால் வகுத்து ஒன்று என்று வைத்துக்கொள்வார். எண் ஏற ஏற, மிச்சமிருக்கும் கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம் என்று பொருள். அது ஆடுபவருக்குச் சாதகம், அப்போது பந்தயத்தைக் கூட்டுவார். எண் இறங்கினால் குறைப்பார். மொத்த வித்தையும் இவ்வளவுதான். எட்வர்ட் தோர்ப் என்ற கணித அறிஞர் 1962இலேயே சீட்டு எண்ணி ஜெயிக்கும் வழியைப் புத்தகமாகப் போட்டு உலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

இதில் எண்ணுபவர் எதைத் தொட்டார் என்று பாருங்கள். சீட்டைக் குறி வைக்கவில்லை, மாற்றவில்லை, அடுத்து வரப்போகும் சீட்டை நகர்த்தவும் இல்லை. மேசையில் எல்லாருடைய கண் முன்னாலும் கிடப்பதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டார். நெவாடா சட்டம் ஏமாற்று என்று எதைச் சொல்கிறது தெரியுமா? ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்புக்கூறுகளையோ, தேர்வு முறையையோ, அளவுகோலையோ மாற்றுவதைத்தான். அந்த மாநிலச் சட்டத் தொகுப்பின் 465ஆம் அத்தியாயத்தில் அந்த விளக்கம் இருக்கிறது. 1983இல் ஸ்லாட் இயந்திர மோசடி வழக்கு ஒன்றில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை ஆராய்ந்தபோதும், சீட்டு எண்ணுபவர் ஆட்டத்தின் எந்தக் கூறையும் மாற்றுவதில்லை என்று பிரித்துக் காட்டியது. ஆகவே மூளையை மட்டும் வைத்து ஆடியவரை மோசடிக்காரர் என்று அந்தச் சட்டத்தின்கீழ் நிறுத்த முடியாது.

மூளைக்குப் பதிலாகக் கருவி வந்துவிட்டால் கதையே வேறு. எழுபதுகளின் பிற்பகுதியில் சிலர் சிறிய கணினிகளை உடம்பில் மறைத்துக் கட்டிக்கொண்டு, ஷூவுக்குள் கால்விரலால் விசையை அழுத்தி எண்ணினார்கள். நெவாடா சட்டமன்றம் 1985இல் அதற்கென்றே தனிப் பிரிவு கொண்டுவந்தது. ஆட்டத்தின் முடிவைக் கணிக்கவோ, வந்த சீட்டுகளைக் கணக்கு வைக்கவோ, நிகழ்தகவை அலசவோ, பந்தய உத்தியை வகுக்கவோ உதவும் எந்தக் கருவியையும் ஆட்டத்தின்போது பயன்படுத்துவது குற்றம். அந்த நோக்கத்தோடு வைத்திருப்பதே குற்றம். 2009இல் ஐபோனுக்குச் சீட்டு எண்ணும் செயலி வந்தபோது, நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் கேசினோக்களுக்கு உடனே எச்சரிக்கை அனுப்பியது. உங்கள் நண்பர் கைபேசியோடு பின்னால் நின்றால் அவர் மட்டும் மாட்ட மாட்டார். சேர்ந்து திட்டமிட்ட நீங்களும் மாட்டுவீர்கள். விசாவில் இருப்பவருக்கு அது எப்பேர்ப்பட்ட குழி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கருவியே இல்லாமலும் கோட்டைத் தாண்டலாம். ஃபில் ஐவியின் வழக்கு அதற்குச் சான்று. அவர் உலகப் புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர். 2012 ஆகஸ்டில் லண்டனில் உள்ள கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டம் ஆடி 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். சில சீட்டுகளின் பின்பக்க வடிவம் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி வெட்டுப்படவில்லை என்பதை அவரும் கூட வந்த பெண்ணும் கவனித்திருந்தார்கள். நல்ல சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி, மூடநம்பிக்கை என்று சாக்குச் சொல்லி டீலரிடம் கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு பின்பக்கத்தைப் பார்த்தே எது பெரிய சீட்டு என்று தெரிந்தது. கேசினோ அவர் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஜெயித்த பணத்தைத் தரவில்லை. 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது ஏமாற்றுதான் என்று தீர்ப்பளித்தது. தான் செய்தது ஏமாற்று அல்ல என்று ஐவி உண்மையாகவே நம்பினார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நம்பிக்கை அவரைக் காப்பாற்றவில்லை. சீட்டு எண்ணுபவர் கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே படிக்கிறார். ஐவி டீலரின் கையைக் கொண்டே கட்டைத் தனக்கு ஏற்றபடி அடுக்க வைத்தார். உங்கள் ஆட்டத்தில் ஏதாவது புது உத்தியைச் சேர்க்கத் தோன்றினால், "நான் பார்க்கிறேனா, மாற்றுகிறேனா" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். குற்றமே இல்லை என்றால் எப்படி விரட்டலாம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் நெவாடாவில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை.

அங்கே சூதாட்டக் கொள்கையை வகுக்கும் சட்டப் பிரிவு ஒன்று இருக்கிறது. எண் 463.0129. எல்லாக் கேசினோக்களும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அது ஓரிடத்தில் சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே, எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரை ஆட்டத்திலிருந்து விலக்கவும் வெளியேற்றவும் கேசினோவுக்கு இருந்துவரும் பொதுச்சட்ட உரிமையை இது குறைக்காது என்றும் சொல்லிவிடுகிறது. எந்தக் காரணத்துக்காகவும் என்ற அந்த ஒரு சொல்லில்தான் உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி விலக்கினால் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் குறுக்கே வரும். கணக்கில் கெட்டிக்காரர் என்பதற்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை.

அமெரிக்காவின் மறுகோடியில், நியூ ஜெர்சியில், வேறு கதை நடந்தது. அட்லாண்டிக் சிட்டியின் முதல் கேசினோ 1978 மே மாதம் திறந்தது. கென் உஸ்டன் என்பவர் பங்குச் சந்தை வேலையை விட்டுவிட்டுச் சீட்டு எண்ண வந்தவர். 1979 தொடக்கத்தில் அந்தக் கேசினோ அவரை வெளியேற்றியது. எண்ணத் தெரிந்தவர் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அதற்கு முன்பே நெவாடா கேசினோக்கள்மீது கூட்டாட்சி நீதிமன்றங்களில் வழக்குப் போட்டுத் தோற்றிருந்தவர் அவர். நியூ ஜெர்சியில் விடவில்லை. 1982இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிளாக்ஜாக்கின் விதிகளை அங்கே அப்போது வகுத்தது அரசின் கேசினோ கட்டுப்பாட்டு ஆணையம். எண்ணுபவரை விலக்கலாம் என்று ஆணையம் விதி போடாதபோது, கேசினோ தன்னிஷ்டத்துக்கு விலக்க முடியாது. அதோடு, தன் இடத்தைப் பொதுமக்களுக்கு என்று திறந்துவிட்ட உரிமையாளர் காரணமில்லாமல் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்பை நான் முதன்முதலில் வாசித்தது கேசினோ தரப்பு அலுவலகத்தில், எங்கள் கட்சிக்காரருக்கு அது பொருந்தாது என்று குறிப்பு எழுதுவதற்காக. குறிப்பை எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தத் தீர்ப்புதான் சரி என்று அன்றைக்கே மனதில் பட்டது, இன்றும் அதில் மாற்றமில்லை. கேசினோ சாதாரணக் கடை அல்ல. அரசு உரிமம் கொடுத்தால் ஒழிய அந்தத் தொழிலையே நடத்த முடியாது. அப்படி உரிமம் வாங்கி, எல்லாரும் வாருங்கள், ஆட்டம் நியாயமானது என்று விளம்பரம் செய்துவிட்டு, தோற்பவருக்கு மட்டும் நாற்காலி போடுவது எனக்கு ஏற்க முடியாத ஒன்று. மூன்று நாள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பவரின் தோளை எந்த மேலாளரும் தட்டுவதில்லை.

ஆனால் உஸ்டன் வென்றதும் எண்ணுபவர்கள் அட்லாண்டிக் சிட்டியில் கொழித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணையம் விலக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. பதிலாக எதிர்நடவடிக்கைகளுக்கு இடம் கொடுத்தது. கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், நினைத்த நேரத்தில் கலைத்துப் போடலாம், பந்தயத்தின் உச்சவரம்பைக் குறைக்கலாம். நீங்கள் உட்கார்ந்ததும் டீலர் இரண்டு கைக்கு ஒருமுறை கலைத்தால், உங்கள் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றுகொண்டிருக்கும். நாற்காலி இருக்கும், சாதகம் இருக்காது. நியூ ஜெர்சியின் வழியை மற்ற மாநிலங்கள் பின்பற்றவும் இல்லை. இண்டியானாவில் இதே போன்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எண்ணுபவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2010இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விலக்கும் உரிமை கேசினோவுக்கு உண்டு என்றது.

நெவாடாவிலும் விரட்டுவது ஒன்றே வழி அல்ல. இப்போது பல மேசைகளில் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும்) விழுந்தால் இரண்டுக்கு மூன்று என்று கொடுக்காமல் ஐந்துக்கு ஆறு என்று கொடுக்கிறார்கள். 10 டாலர் கட்டினால் 15 வர வேண்டிய இடத்தில் 12தான் வரும். நல்ல விதிகள் உள்ள மேசையில் அடிப்படை உத்தியோடு ஆடுபவருக்கு எதிராகக் கேசினோவின் சாதகம் சுமார் அரை சதவீதம். இந்த ஒரு மாற்றம் அதன்மேல் ஏறக்குறைய 1.4 சதவீதத்தை ஏற்றிவிடுகிறது. எண்ணுபவர் உழைத்து எடுக்கும் லாபமே பெரும்பாலும் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். பெயர்ப்பலகையின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த வரியை உட்காரும்முன் படித்துவிடுங்கள்.

உங்கள் இரண்டு இரவுகளையும் இப்போது தனித்தனியாகப் பார்ப்போம். முதல் இரவு நடந்ததற்கு அங்கே "பேக் ஆஃப்" என்று பெயர். இந்த ஆட்டம் உனக்கில்லை என்பது அதன் பொருள். ஹோட்டலில் தங்கலாம், சாப்பிடலாம், ரூலெட் ஆடலாம். அத்தோடு விட்டிருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது. மறுநாள் திரும்பிப் போனதுதான் நீங்கள் செய்த பிழை. ஷிஃப்ட் மாறும், கேமரா மாறாது. முந்தின நாள் உங்கள் பந்தயங்களையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்து மேலே குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் முகமும் அதில் இருந்திருக்கும்.

இரண்டாம் இரவு அட்டையைப் பார்த்து வாசித்தது "டிரெஸ்பாஸ்" எச்சரிக்கை. அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்துக்கு முன்னோட்டம் அது. வாசித்ததால் நீங்கள் குற்றவாளி ஆகவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த வளாகத்தில் கால் வைத்தால் அது குற்றம். நெவாடாவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரே நிறுவனத்துக்குப் பல ஹோட்டல்கள் உண்டு, எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் பொருந்துவதாகச் சொல்லியிருக்கலாம். ஓராண்டில் தானாகத் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். போக வேண்டிய அவசியம் வந்தால், எழுத்தில் அனுமதி கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு போங்கள்.

பாஸ்போர்ட்டை நீட்டியிருக்க வேண்டியதில்லை. கேசினோ காவலர்கள் போலீஸ் அல்ல. "வெளியே போகச் சொல்கிறீர்கள், போகிறேன். நான் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "இல்லை" என்று பதில் வந்தால் வாசலை நோக்கி நடந்துவிடலாம். ஏமாற்றினார் என்று நம்ப நியாயமான ஆதாரம் இருந்தால் ஒருவரைப் போலீஸ் வரும்வரை நியாயமான முறையில், நியாயமான நேரம் நிறுத்திவைக்க நெவாடா சட்டம் கேசினோவுக்கு அதிகாரம் தருகிறது. வெறும் சீட்டு எண்ணுதலுக்கு அந்த அதிகாரம் வராது. வராத அதிகாரத்தைப் பயன்படுத்தி அறையில் பூட்டிய கேசினோக்கள் சட்டவிரோதக் காவலுக்கு நஷ்டஈடு கொடுத்திருக்கின்றன. ஆனால் சீருடைப் போலீஸ் வந்து சந்தேகத்தின்பேரில் நிறுத்தி விசாரித்தால், பெயரைச் சொல்லியாக வேண்டும். நெவாடாவின் அந்தச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயரைச் சொல்லுங்கள். அதற்குமேல் வழக்கறிஞர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், உங்கள் வயதுதான். அவரைக் காவலர்கள் சூழ்ந்த வீடியோவை நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். முதல் நாற்பது விநாடி எல்லாம் ஒழுங்காகவே போகிறது. அவர் எழுந்திருக்கிறார், சிப்ஸை அடுக்குகிறார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டு" என்று வாதாடத் தொடங்குகிறார். ஒரு காவலர் தோளில் கை வைக்கிறார், இவர் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். அந்த ஒரு தட்டுக்குத் தாக்குதல் என்று புகார் ஆனது. எண்ணியது பற்றி ஒரு வார்த்தை அந்தப் புகாரில் இல்லை. அதை நீக்க எங்களுக்குப் பதினொரு மாதம் ஆனது. வீடியோ முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எழுந்தே விட்டேன் சார், பாருங்க, எழுந்தே விட்டேன்" என்றார். கேசினோ தரையில் வாதாடி யாரும் வென்றதில்லை. வாதம் வெளியே வந்த பிறகு, எழுத்தில்.

உங்கள் 1,400 டாலருக்கு அப்படி எழுத்தில் வாதாட நல்ல வழி இருக்கிறது. சிப்ஸ் என்பது வெறும் பிளாஸ்டிக் வில்லை. நெவாடா சூதாட்ட ஆணையத்தின் 12ஆம் ஒழுங்குவிதிப்படி, அது கேசினோ உங்களுக்குத் தர வேண்டிய கடனுக்குச் சாட்சி. நியாயமான ஆட்டத்தில் வந்த தன் சிப்ஸைக் கேசினோ காலதாமதமில்லாமல் பணமாக்கித் தர வேண்டும். எச்சரிக்கை கேட்டவர் என்பதால் நீங்கள் நேரில் போகாதீர்கள், நண்பர் கையில் கொடுத்தும் அனுப்பாதீர்கள். சிப்ஸ் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கேசினோவின் காசாளர் பிரிவுக்கு, ஆடிய தேதி, நேரம், மேசை, தொகை எல்லாம் குறிப்பிட்டு, எப்படி மாற்றித் தருவீர்கள் என்று கடிதம் எழுதுங்கள். அதே கடிதத்தில், அன்றைய இரண்டு இரவுகளின் கேமராப் பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். அந்தப் பதிவுகள் அதிக நாள் நிற்பதில்லை, ஆகவே இந்த வாரமே அனுப்புங்கள்.

மறுத்தால் வாரியத்திடம் போகலாம். தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், வாடிக்கையாளர் திருப்திப்படாதபோது கேசினோவே சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குக் குறைந்த தொகை என்றாலும், விசாரணை கோரும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை அவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும். வாரியத்தின் அதிகாரி வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வார், பிடிக்காவிட்டால் மேலே போகலாம். கேட்க ஆளே இல்லையா என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே விடு என்று கேட்பதற்கு ஆள் இல்லை. ஜெயித்த காசைக் கொடு என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இந்த வசதி மாநில உரிமம் பெற்ற கேசினோக்களுக்குத்தான். பழங்குடியினர் நிலத்தில் உள்ள கேசினோ என்றால் அவர்களுடைய ஆணையம், அவர்களுடைய நீதிமன்றம், அதோடு எளிதில் வழக்குப் போட முடியாத இறையாண்மைப் பாதுகாப்பும் உண்டு. அங்கே போய் நெவாடா விதியைப் பேசிப் பயனில்லை.

வேறு பெயரில் போ என்ற யோசனைக்கு, 2000இல் நெவாடா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சென் என்பவரின் வழக்கைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். சீட்டு எண்ணுவதில் தேர்ந்தவர், போலி அடையாள ஆவணம் காட்டி ஆடி ஜெயித்தார். கேசினோ பணம் தர மறுத்தது. அவர் ஜெயித்தது திறமையால், போலிப் பெயரால் அல்ல, ஆகவே பணம் அவருக்கே என்று நீதிமன்றம் சொன்னது. அது அவருடைய பணம் பற்றிய தீர்ப்பு மட்டும். போலி ஆவணம் வைத்திருப்பது தனிக் குற்றம். விசாவில் இருப்பவர் கையில் போலி ஆவணம் கிடைத்தால் என்னால்கூடப் பெரிதாக உதவ முடியாது. அதேபோல, ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கை மாறினால் கேசினோ அடையாளம் கேட்டு மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அதைத் தவிர்க்க வேண்டும் என்றே தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றினால், பணம் சுத்தமானதாக இருந்தாலும் அந்தப் பிரிப்பே கூட்டாட்சிக் குற்றம். எண்ணத் தெரிந்த பல கெட்டிக்காரர்கள் கோட்டை விடும் இடம் இது.

விசாவைப் பற்றி. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியபடியே நடந்திருந்தால் இரண்டுக்கும் உண்மையான பதில், "இல்லை" என்பதுதான். காவலர்கள் எடுத்த படம் கேசினோவின் கோப்பில் இருக்கும், மற்ற கேசினோக்களோடும் பகிரப்படலாம். அது குற்றப் பதிவு அல்ல. நெவாடாவில் அரசே வைத்திருக்கும் விலக்கப்பட்டோர் பட்டியல் ஒன்று 1960 முதல் இருக்கிறது. அது குற்றக் கும்பல் தொடர்புள்ளவர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் உரியது. எண்ணத் தெரிந்ததற்காக அதில் யாரையும் சேர்ப்பதில்லை. பிற்காலத்தில் குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள், அங்கே சட்டம் உறுத்தலாகப் பார்ப்பது சட்டவிரோதச் சூதாட்ட வருமானத்தை. உரிமம் பெற்ற கேசினோவில் ஆடியது அதில் வராது. ஆனால் அதே ஹோட்டலுக்கு மறுபடி போய்க் கைதானால், அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டியிருக்கும், அதன் பிறகு ஒவ்வொரு முத்திரைக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வரியை மறக்க வேண்டாம். பிளாக்ஜாக் ஜெயித்ததற்குக் கேசினோ தனியாக டபிள்யூ-2ஜி என்ற சூதாட்ட வருமானப் படிவம் தருவதில்லை. படிவம் வராததால் வருமானம் இல்லை என்று ஆகாது. எச்-1பியில் ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர் பெரும்பாலும் வரிச் சட்டத்தின் கண்ணில் உள்ளூர்வாசிதான், ஆகவே ஜெயித்ததைக் கணக்கில் காட்டுங்கள். உங்கள் குடியேற்றக் கோப்பில் யாரும் விரல் வைக்கக் கூடிய இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இனியும் ஆடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே அந்தக் கேள்வி இருக்கிறது. ஓராண்டு உழைத்துக் கற்ற கலை. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, சட்டமும் சொல்லவில்லை. வேறு கேசினோவில், உங்கள் சொந்தப் பெயரில், வெறும் தலையோடு உட்காருங்கள். தோளைத் தட்டினால் "சரி" என்று ஒரு சொல் சொல்லி எழுந்துவிடுங்கள். சிப்ஸை அப்போதே காசாளரிடம் மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள், பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

காசாளர் பிரிவுக்கு எழுதும் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், வாரியத்துக்கான புகாரை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.